நாகசாகியில் ஒரு நாள்: உள்ளூர் வழிகாட்டியிடம் என்ன கேட்கலாம்?

“ஜப்பான்காரன் ஊருக்கா? நான் வரல.”

மாமா பயணத் திட்டத்தைச் சொன்னதும் தாத்தாவிடமிருந்து வந்த முதல் பதில் இதுதான். தாத்தாவுக்கு 82 வயது. பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய அப்பாவைச் சயாமுக்கு ரயில்பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர் திரும்பவில்லை.

பிறகு தாத்தாவே மனம் மாறினார். “எல்லாரும் போறீங்க. நான் மட்டும் வீட்டுல உட்காந்து என்ன பண்ணப் போறேன்” என்றார். அப்படித்தான் கடந்த நவம்பரில் தாத்தா, அம்மா, மாமா, அத்தை, நான் ஆகிய ஐவரும் நாகசாகியில் போய் இறங்கினோம். ஒரு நாள் முழுவதும் எங்களுக்கென்று தனியாக ஓர் உள்ளூர் வழிகாட்டியை அமர்த்தியிருந்தோம்.

ஜப்பானுக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் தோக்கியோ, ஒசாக்கா, ஃபூஜி மலை என்று பேருந்தில் ஏறி, கொடி பிடித்தவர் பின்னால் நடந்து திரும்புகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால், ஒரு துறைமுக ஊரில் ஒரு நாளை உள்ளூர்க்காரர் ஒருவரோடு செலவழிப்பது வேறு வகை அனுபவம். அதை எப்படிச் செய்வது, யாரை அமர்த்துவது, என்ன கேட்பது என்பதை எங்கள் நாகசாகி நாளை வைத்தே விளக்குகிறேன்.

நாகசாகி எங்கே இருக்கிறது?

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் தெற்கே இருப்பது கியூஷூ. அதன் மேற்கு ஓரத்தில், நீளமாக உள்ளே நுழையும் ஒரு குடாவின் முனையில் இருக்கிறது நாகசாகி. மூன்று பக்கமும் மலை. சமதரை குறைவு என்பதால் வீடுகள் மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறியிருக்கின்றன. பல வீடுகளின் வாசலுக்குக் கார் போகாது, படி ஏறித்தான் போக வேண்டும்.

ஃபுக்குவோக்கா நகரின் ஹகாத்தா நிலையத்திலிருந்து ரயிலில் ஏறி, தாக்கேவோ ஒன்செனில் எதிர்மேடையில் நிற்கும் ஷின்கான்சென் அதிவேக ரயிலுக்கு மாறினால், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் நாகசாகிக்குப் போய்விடலாம். இந்த அதிவேகப் பாதை 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டது. சொகுசுக் கப்பலில் வருபவர்கள் மாட்சுகாயே துறையில் இறங்குகிறார்கள். அங்கிருந்து ஊரின் பழைய தேவாலயத்துக்கும் கிளவர் பூங்காவுக்கும் நடந்தே போகலாம்.

ஊருக்குள் சுற்ற டிராம் வண்டி இருக்கிறது. 1915ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிறது. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம்.

யார் இந்த வழிகாட்டி?

ஜப்பானில் வெளிநாட்டவருக்கு வழிகாட்டும் தொழிலுக்கு 1949 முதல் சட்டம் உண்டு. அரசாங்கத் தேர்வில் தேறியவர்கள் மட்டுமே பணம் வாங்கிக்கொண்டு வேற்றுமொழியில் வழிகாட்டலாம் என்பதே நெடுங்கால விதி. 2018 ஜனவரியில் அது தளர்த்தப்பட்டது. இப்போது யாரும் இந்தத் தொழிலைச் செய்யலாம். ஆனால், தேர்வில் தேறியவர்கள் மட்டுமே தேசிய உரிமம் பெற்ற வழிகாட்டி என்ற பெயரைப் போட்டுக்கொள்ள முடியும். ஒரு வட்டாரத்துக்கு மட்டும் தகுதி பெற்றவர்களும் இருக்கிறார்கள்.

அந்தத் தேர்வில் ஆங்கிலம், சீனம், கொரியம், தாய் உட்படப் பத்து மொழிகள் உள்ளன. தமிழ் இல்லை. எனவே ஆங்கிலத்தில் பேசும் வழிகாட்டியை அமர்த்தி, வீட்டுப் பெரியவர்களுக்கு நாம்தான் தமிழில் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்த வேலை எனக்கு வந்தது.

உரிமம் இல்லாதவர் மோசமானவர் என்று பொருள் இல்லை. உள்ளூர்ச் சமையல், புகைப்படம் போன்றவற்றுக்கு அவர்களிலும் நல்லவர்கள் உண்டு. வரலாறு கேட்க வேண்டும், வயதானவர் கூட வருகிறார் என்றால் உரிமம் பெற்றவரைத் தேடுவது நல்லது.

இவர்களைத் தவிர, ஊரைச் சுற்றிக் காட்டும் தொண்டூழியர்களும் இருக்கிறார்கள். நாகசாகி வட்டார வழக்கில் ‘சாருக்கு’ என்றால் காலாற ஊர் சுற்றுவது. அந்தச் சொல்லையே பெயராக வைத்து, ஊர்க்காரர்களே கூட்டிப்போகும் நடைச் சுற்றுலாக்கள் 2006 முதல் அங்கே பெயர்பெற்றிருக்கின்றன. கட்டணம் குறைவு. ஆனால் நேரமும் பாதையும் அவர்கள் வகுத்தது. தனி வழிகாட்டி என்றால் அந்த நாள் நம்முடையது.

எங்களுக்கு வந்தவர் அறுபது வயதைத் தாண்டிய அம்மையார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். முன்பதிவு செய்தவுடன் அவர் எனக்கு மின்னஞ்சலில் நான்கு கேள்விகள் அனுப்பினார். எத்தனை படி ஏற முடியும்? எதைச் சாப்பிட மாட்டீர்கள்? எதற்கு நிறைய நேரம் வேண்டும்? இந்த ஊரைப் பற்றி உங்கள் குடும்பத்தில் யாருக்காவது தெரிந்துகொள்ள வேண்டியது ஏதும் உண்டா?

முதல் மூன்றுக்கும் பதில் எழுதினேன். நான்காவதற்கு “அப்படி ஒன்றும் இல்லை” என்று எழுதிவிட்டேன். அது தவறு என்று மாலையில்தான் புரிந்தது.

காலை: நிலத்துக்குள் ஒரு தீவு

முதலில் தேஜிமாவுக்குப் போனோம். தீவு என்று படித்திருந்தேன். அங்கே போனால் நகரத்தின் நடுவில் கட்டடங்களுக்கு இடையே இருக்கிறது. கடலைக் காணோம்.

வழிகாட்டி ஒரு பழைய வரைபடத்தை விரித்துக் காட்டினார். போர்ச்சுகீசியரை ஊருக்குள் விடாமல் ஒதுக்கி வைக்க 1634 முதல் 1636 வரை கடலில் மண் கொட்டி உண்டாக்கிய விசிறி வடிவத் தீவு இது. போர்ச்சுகீசியர் 1639இல் நாட்டைவிட்டே விரட்டப்பட்டார்கள். 1641இல் டச்சுக்காரர்கள் இங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டார்கள். பிற்காலத்தில் சுற்றிலும் கடலைத் தூர்த்ததால் தீவு நிலத்துக்குள் வந்துவிட்டது. இப்போது பழைய கட்டடங்களை ஒவ்வொன்றாக மீட்டெழுப்பி வருகிறார்கள்.

“1641 என்றால் எங்களுக்கு வேறு ஒன்று நினைவுக்கு வரும்” என்றேன். அதே ஆண்டு ஜனவரியில்தான் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்தார்கள். மலாக்காவில் நாம் படம் எடுத்துக்கொள்ளும் அந்தச் சிவப்புக் கட்டடத்தைக் கட்டியவர்களும் தேஜிமாவில் அடைபட்டுக் கிடந்தவர்களும் ஒரே கம்பெனியின் ஆட்கள். மலாக்காவில் அவர்கள் ஆண்டார்கள். இங்கே, ஒன்றரை ஹெக்டர் இடத்தில், அதாவது நான்கு ஏக்கருக்கும் குறைவான ஒரு துண்டு நிலத்தில், வாடகை கொடுத்துக்கொண்டு இருந்தார்கள். கரைக்குப் போக ஒரே பாலம். அனுமதி இல்லாமல் தாண்ட முடியாது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் ஐரோப்பியர் ஜப்பானுடன் வாணிபம் செய்ய இருந்த ஒரே வாசல் இதுதான்.

“நாலு ஏக்கரா? நம்ம தோட்டத்துல ஒரு ஆளு பால் வெட்டுற அளவுதானே” என்றார் தாத்தா. காலையிலிருந்து அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

தேஜிமாவின் டச்சுத் தலைவரை ஜப்பானியர்கள் ‘கபித்தான்’ என்று அழைத்தார்கள். போர்ச்சுகீசியச் சொல். நம் பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்று சொல்கிறோமே, அதே சொல்தான்.

அடுத்து, கிடங்கில் என்னென்ன சரக்கு வந்தது என்று வழிகாட்டி சொன்னார். சர்க்கரை, பட்டு, மான் தோல், கோடு போட்ட பருத்தித் துணி. அந்தத் துணிக்கு ஜப்பானில் ‘சன்தோமே ஜிமா’ என்று பெயர். ‘ஜிமா’ என்றால் கோடு. ‘சன்தோமே’ எங்கோ இந்தியாவில் உள்ள ஓர் ஊர் என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

எனக்குச் சட்டென்று புரிந்தது. சென்னை மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம்! போர்ச்சுகீசியர் குடியிருந்த இடம். அந்தக் கரையில் டச்சுக் கம்பெனி முதலில் பழவேற்காட்டையும் 1690 முதல் நாகப்பட்டினத்தையும் தலைமையிடமாக வைத்து நம் நெசவாளர்களின் துணியை வாங்கியது. அது பத்தாவியா வழியாக, தென்மேற்குக் காற்றைப் பிடித்துக் கோடைக்காலத்தில் நாகசாகிக்கு வரும். இலையுதிர்காலத்தில் கப்பல் ஜப்பானியச் செம்பை ஏற்றிக்கொண்டு திரும்பும். அந்தச் செம்பில் ஒரு பங்கு சோழமண்டலக் கரையிலேயே விற்பனையானது. கோடு போட்ட அந்தத் துணி ஜப்பானியர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போய், பிற்காலத்தில் அவர்களே அதைப் பார்த்து நெய்யத் தொடங்கினார்கள்.

நான் சொன்னதை வழிகாட்டி தம் சிறு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பாதிக் கதை அவரிடம் இருந்தது, மீதிப் பாதி எங்களிடம். பேருந்துச் சுற்றுலாவில் இந்தப் பேச்சுக்கு நேரம் இருந்திருக்காது.

மதியம்: சாப்பாடும் படிக்கட்டும்

தேஜிமாவிலிருந்து சில நிமிடங்கள் நடந்தால் ஷின்ச்சி சீனர் தெரு. நாகசாகியின் பெயர்பெற்ற உணவு ‘சாம்பொன்’. சீனச் சமையல்காரர் ஒருவர் இந்த ஊரில் உண்டாக்கிய மீ வகை. பன்றி எலும்பும் கோழி எலும்பும் சேர்த்துக் காய்ச்சிய சாறு, இறைச்சி, கணவாய், இறால், முட்டைக்கோஸ் எல்லாம் ஒரே கிண்ணத்தில். மாமா இரண்டாவது கிண்ணம் கேட்டார்.

அத்தை சைவம். ஜப்பானில் சைவச் சாப்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. காய்கறிதான் என்று கொடுப்பார்கள், ஆனால் அதற்கு ஊற்றும் சாறு மீனில் எடுத்ததாக இருக்கும். சூப், காய்கறிக் குழம்பு, தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு என்று எல்லாவற்றிலும் அது இருக்கும். எங்கள் வழிகாட்டி முதல் நாளே ஒரு கடைக்குத் தொலைபேசியில் அழைத்துப் பேசியிருந்தார். அத்தைக்குக் காய்கறித் தெம்புரா, தொட்டுக்கொள்ள வெறும் உப்பு, வெள்ளைச் சோறு. பொரிக்கும் எண்ணெய் மீனுக்கும் இறாலுக்கும் பொதுவானது என்பதையும் மறைக்காமல் சொல்லி, “இது சரிதானா?” என்று கேட்டார். நாமாக இதை விசாரித்திருக்க முடியாது.

ஊர் முழுக்க விற்கும் ‘கஸ்தேரா’ கேக் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. முட்டை நிறைய சேரும். முட்டை சாப்பிடாதவர்கள் வாங்கும் முன் நினைவில் கொள்ளுங்கள்.

சாப்பாடு முடிந்ததும் மேடு ஏறும் வேலை. 1863இல் கட்டப்பட்ட கிளவர் வீடும், அதைச் சுற்றியுள்ள பூங்காவும் மலைச்சரிவில் இருக்கின்றன. கடற்கரைப் பக்கத்து நுழைவாயிலில் இருந்து போனால் ஏற்றம். தாத்தாவின் முழங்கால் தாங்காது.

வழிகாட்டி எங்களை டிராமில் இஷிபாஷி நிறுத்தத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே மலைச்சரிவின் மேல் சாய்வாக ஏறும் மின்தூக்கி ஒன்று இருக்கிறது. மேட்டில் குடியிருப்பவர்களுக்காகப் போட்டது. கட்டணம் இல்லை. அதில் ஏறி, பூங்காவின் மேல் வாசலில் நுழைந்து, மெல்லக் கீழே இறங்கி வந்தோம். சந்தைக்குப் போய்வந்த பாட்டிகளோடு அந்த மின்தூக்கியில் நின்றது தாத்தாவுக்குப் பிடித்துவிட்டது. “நம்ம ஊரு மாதிரிதான். காய்கறி, கோழி, பேரப்பிள்ளைனு பேசிக்கிட்டுப் போறாங்க” என்றார். என்ன பேசினார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டார். “கையைப் பாரு” என்றார் தாத்தா.

வழிகாட்டி நான் தாத்தாவை எப்படி அழைக்கிறேன் என்று கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவருக்கும் அவர் ‘தாத்தா சான்’ ஆகிவிட்டார்.

பிற்பகல்: 11 மணி 2 நிமிடம்

டிராமில் வடக்கே போனோம். போகும் வழியில் வழிகாட்டி மலைகளைக் காட்டி ஒன்றைச் சொன்னார். 1945 ஆகஸ்டு 9ஆம் தேதி அமெரிக்க விமானம் முதலில் குறிவைத்தது கொக்குரா நகரை. அங்கே தரை தெரியவில்லை. எனவே நாகசாகிக்குத் திரும்பியது. குண்டு நகரின் நடுப்பகுதியில் விழாமல், வடக்கே உரகாமி பள்ளத்தாக்கின் மேல், ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் வெடித்தது. நேரம் காலை 11 மணி 2 நிமிடம். இடையில் நின்ற மலைகள் பழைய துறைமுகப் பகுதியை ஓரளவு காத்தன. காலையில் நாங்கள் பார்த்த பழைய வீடுகள் இன்றும் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உரகாமியில் எதுவும் மிஞ்சவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 74,000 பேர்.

உரகாமி கத்தோலிக்கர்கள் அதிகம் வாழ்ந்த இடம். இந்த ஊரில் கிறிஸ்தவம் நெடுங்காலம் தடைசெய்யப்பட்டிருந்தது. ரயில் நிலையத்துக்கு அருகில் நிஷிசாக்கா குன்றில் 1597இல் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் மும்பைக்கு அருகே வசாயில் பிறந்த கொன்சாலோ கார்சியா. தடைக்காலத்தில் மறைவாகவே நம்பிக்கையைக் காத்தவர்களின் வழிவந்தவர்கள் உரகாமியில் பேராலயம் எழுப்பினார்கள். அதன் அருகில்தான் குண்டு வெடித்தது. சுமார் 12,000 பேர் கொண்ட அந்தப் பங்கில் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டார்கள்.

அணுகுண்டு அருங்காட்சியகத்தில் 11:02இல் நின்றுபோன சுவர்க் கடிகாரம் இருக்கிறது. உருகி ஒட்டிய கண்ணாடிப் போத்தல்கள். சோறு கரியாகிப்போன ஒரு மாணவியின் சாப்பாட்டு டப்பா. அத்தை அதற்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பயணத்தில் சிறு பிள்ளைகள் இருந்தால், இந்த இடத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதை வழிகாட்டியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பக்கத்திலேயே, 2003இல் திறக்கப்பட்ட நினைவு மண்டபம். நிலத்துக்கு மேலே ஒரு நீர்த்தொட்டி. இரவில் அதில் சுமார் 70,000 சிறு விளக்குகள் எரியும். கீழே, கண்ணாடித் தூண்களுக்கு நடுவில், இறந்தவர்களின் பெயர்ப் பதிவேடு வைக்கப்பட்டிருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் இறக்க இறக்க, அதில் பெயர்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

நான் இதைத் தாத்தாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவங்களுக்குத் தேதி தெரியுது. மணி தெரியுது. பேரும் எழுதி வச்சிருக்காங்க” என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். “அந்தம்மாகிட்ட கேளு. சயாமுக்குப் போனவங்களைப் பத்தி இவங்க பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுக்கிறாங்களான்னு கேளு.”

தாத்தாவின் கேள்வி

சயாம் மரண ரயில்பாதை பற்றி நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. நம் ஆட்களுக்குப் பெயர்ப் பட்டியல் கூட முழுமையாக இல்லை.

கேட்பதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினேன். 74,000 பேருக்கான மண்டபத்தில் நின்றுகொண்டு, அந்த ஊர்க்காரரிடம் இதைக் கேட்கலாமா? ஆனால் கேட்டது தாத்தா. கேட்டுவிட்டேன்.

வழிகாட்டி உடனே பதில் சொல்லவில்லை. எங்களை வெளியே இருக்கைக்கு அழைத்து வந்து, தாத்தாவுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“நான் படித்தபோது பள்ளியில் இதைச் சொல்லித் தரவில்லை. ஆசிரியையாக இருந்தபோது நானும் சொல்லித் தரவில்லை. அந்த ரயில்பாதையைப் பற்றி ஒரு திரைப்படத்தில் பார்த்திருக்கிறேன். அதில் வெள்ளைக்காரக் கைதிகள்தான் இருந்தார்கள். உங்கள் மக்கள் இருந்தது எனக்கு இன்றுதான் தெரியும்.”

இதை நான் அப்படியே தமிழில் சொன்னேன். அவர் சாக்குப்போக்குச் சொல்லவில்லை. தம் ஊர் பட்ட துன்பத்தைப் பதிலுக்கு எடுத்து வைக்கவும் இல்லை. தாத்தாவின் அப்பா பெயரைக் கேட்டார். எப்படி உச்சரிக்க வேண்டும் என்று இரண்டு முறை கேட்டு, காலையில் சாந்தோம் என்று எழுதிய அதே நோட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு, திட்டத்தில் இல்லாத ஓர் இடத்துக்கு அழைத்துப் போனார். வெடிப்பு மையத்துக்கு அருகில், 1979இல் வைத்த ஒரு நினைவுக்கல். குண்டு வீச்சில் இறந்த கொரியர்களுக்கானது. அவர்களில் பலர் கட்டாய வேலைக்காக இங்கே கொண்டுவரப்பட்டவர்கள். பக்கத்தில் பேருந்துச் சுற்றுலாக் கூட்டம் ஒன்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தது. இந்தக் கல் பக்கம் யாரும் வரவில்லை.

“இவங்களையும் இழுத்துட்டுத்தான் வந்தாங்களா?” என்று தாத்தா கேட்டார். ஆமாம் என்றார் வழிகாட்டி. தாத்தா கும்பிட்டார்.

கடைசியாக, நகரும் படிக்கட்டில் ஏறி அமைதிப் பூங்காவுக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் ஒரு நீரூற்று. தூரத்தில், ஒரு கையை வானுக்கும் மறுகையைப் பக்கவாட்டிலும் நீட்டிய பெரிய சிலை. குண்டு விழுந்த நாளில் தீக்காயத்தோடு தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இறந்தவர்களுக்காக 1969இல் கட்டப்பட்டது இந்த நீரூற்று. அவர்களுக்குத் தண்ணீர் படைப்பது இங்கே வழக்கம்.

நான் சொல்லி முடித்ததும் தாத்தா தம் தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். மூடியைத் திறந்து, கையில் கொஞ்சம் ஊற்றி விட்டார். எங்கள் வீட்டில் அவருடைய அப்பாவுக்குத் திதி கிடையாது. தேதி தெரியாது. ஆடி அமாவாசைக்கு மட்டும் எள்ளும் தண்ணீரும் இறைப்போம். அன்று எள் இல்லை. வழிகாட்டி சற்றுத் தள்ளி நின்று தலை குனிந்தார்.

“மனசு ஆறிடுச்சா தாத்தா?” என்று அன்றிரவு விடுதியில் கேட்டேன்.

“ஆறாது. ஆனா கேட்டுட்டேன்” என்றார்.

முன்பதிவுக்கு முன் கவனிக்க வேண்டியவை

இதைப் படித்துவிட்டு உள்ளூர் வழிகாட்டியோடு போக நினைப்பவர்களுக்கு நாங்கள் கற்றுக்கொண்டவை இவை.

கட்டணம்: பொதுவாக ஆளுக்கு இவ்வளவு என்று இல்லாமல் குழுவுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். ஒரு முழு நாளுக்குச் சில பத்தாயிரம் யென் ஆகும். ஐந்தாறு பேர் பகிர்ந்துகொண்டால் தாங்கும். வழிகாட்டியின் டிராம் கட்டணம், நுழைவுச்சீட்டு, மதிய உணவு யார் பொறுப்பு என்பதை முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதையும் கேளுங்கள். ஜப்பானில் அன்பளிப்புப் பணம் கொடுக்கும் வழக்கம் இல்லை. வீட்டிலிருந்து முறுக்கு ஒரு பொட்டலம் கொண்டுபோனால் அதுவே போதும்.

வாகனம்: ஜப்பானில் பயணிகளைக் கட்டணத்துக்கு ஏற்றும் கார், வேன்களுக்குப் பச்சை நிற எண்பலகை இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை உள்ள சொந்தக் காரில் பணம் வாங்கிக்கொண்டு ஏற்றிப் போவது சட்டவிரோதம். விபத்து நேர்ந்தால் காப்புறுதிச் சிக்கலும் வரும். “என் காரிலேயே கூட்டிப்போகிறேன்” என்று யாராவது மலிவாகச் சொன்னால் யோசியுங்கள். வழிகாட்டியோடு டாக்சியில் போகலாம்.

நடை: பெரியவர்கள் எத்தனை படி ஏறுவார்கள், எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை உட்கார வேண்டும், கழிவறைக்கு எத்தனை முறை போக வேண்டியிருக்கும் என்பதைக் கூச்சமில்லாமல் எழுதுங்கள். எங்கள் வழிகாட்டி பாதை முழுவதையும் அதை வைத்துத்தான் போட்டிருந்தார்.

சாப்பாடு: “சைவம்” என்று மட்டும் எழுதாதீர்கள். மீன் சாறு, முட்டை, பால், வெங்காயம், மாட்டிறைச்சி என்று ஒவ்வொன்றாக எது ஆகும், எது ஆகாது என்று எழுதுங்கள்.

இடங்கள்: ஒரு நாளில் நான்கு இடத்துக்கு மேல் வேண்டாம். மாலையில் 333 மீட்டர் உயரமுள்ள இனாசா மலைக்குப் போய் ஊர் விளக்குகளைப் பார்க்கத் திட்டம் வைத்திருந்தோம். விட்டுவிட்டோம். அதற்காக யாரும் வருத்தப்படவில்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது அந்த நான்காவது கேள்வி. வழிகாட்டி கேட்காவிட்டாலும் நீங்களே அதற்கு எழுதிவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், பயணச்சீட்டு வாங்கும் முன் அவர்களிடம் உட்கார்ந்து, “அந்த ஊர்க்காரங்ககிட்ட உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?” என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் தாத்தா 82 ஆண்டுகளாக ஒரு கேள்வியை வைத்திருந்தார். அது எங்களில் யாருக்கும் தெரியாது. நான் அதை முன்பே எழுதியிருந்தால், அந்த அம்மையாரும் தயாராக வந்திருப்பார்.

ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நூலகத்தில் அந்த ரயில்பாதை பற்றிய புத்தகங்களைத் தேடிப் படித்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தார். தாத்தாவின் அப்பா எந்தத் தோட்டத்திலிருந்து போனார், அந்தத் தோட்டத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். தோட்டத்தின் பெயரையும், டிவிஷன் எண்ணையும், லயத்தில் எத்தனையாவது வீடு என்பதையும் சொன்னார். அனைத்தையும் எழுதி அனுப்பிவிட்டேன்.